நாம ஜெயிச்சோம், அவன் தோத்தான்

2013 நவம்பர் 30, சனிக்கிழமை. தேங்க்ஸ்கிவிங் முடிந்து இரண்டு நாள். அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கூடத்தில் ஒரு புது டிவி. முந்தின நாள் விடியற்காலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்று தள்ளுபடியில் வாங்கியது. அட்டைப்பெட்டியைக்கூட இன்னும் வெளியே போடவில்லை, அதைத்தான் கவிழ்த்துப் போட்டு டீப்பாயாக வைத்திருந்தோம். நான் அமெரிக்கா வந்து நாலு மாசம் ஆகியிருக்கவில்லை. அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். சின்னக் காரியம்தான், ஆனால் இவ்வளவு வருஷம் கழித்தும் உறுத்துகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விளையாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது நாம் கால்பந்து என்று சொல்வது அல்ல. முட்டை மாதிரி நீண்ட பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும், ஹெல்மெட் போட்ட அமெரிக்கன் ஃபுட்பால். அதிலும் தொழில்முறை அணிகள் ஆடுவது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை கல்லூரிகளுக்கு உரியது. அலபாமாவில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. அங்கே எல்லாமே இரண்டு பல்கலைக்கழகங்கள்தான்: டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா, ஆபர்ன் ஊரில் இருக்கும் ஆபர்ன். ஆபர்னின் ஜோர்டன்-ஹேர் அரங்கத்தில் அப்போது 87,451 இருக்கைகள். 2010 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மொத்த மக்கள்தொகையே 53,380. ஊரையே உட்கார வைத்தாலும் மிச்சம் இடம் இருக்கும்.

இரண்டு அணிகளும் வருஷத்துக்கு ஒருமுறை மோதுவதற்கு அயர்ன் பௌல் என்று பெயர். பர்மிங்ஹாம் இரும்பாலைகளின் ஊர், பல வருஷம் ஆட்டம் இங்கேதான் நடந்தது, அதனால் அந்தப் பெயர். 1907இல் படிக்காசு எவ்வளவு, நடுவர் யார் என்று தகராறு வந்து, அதன்பிறகு 41 வருஷம் இரண்டு பேரும் ஆடவே இல்லை. இந்த மாநிலத்தில் குடியேறினால் முதல் வாரத்திலேயே உங்களைக் கேட்டுவிடுவார்கள், நீ எந்தப் பக்கம் என்று. ரெண்டும் இல்லை என்பதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என்னிடம் கேட்டவர் எங்கள் வீட்டுக்காரர். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்து வீடு. அவர் அலபாமா. நான் பதில் யோசிப்பதற்குள் ஒரு சிவப்புத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்துவிட்டார். எங்களுடன் இருந்த தென்காசி அண்ணன், அங்கே பிஎச்டி நான்காம் வருஷம், சிரித்தார். “ஏல, இனி நீ அலபாமாடா. ஒண்ணும் பண்ண முடியாது. நாமதான் நம்பர் ஒன்.” அந்த ‘நாம’வில் அன்றைக்கு எனக்கு ஒரு சுகம் இருந்தது. கல்லூரியில் இடைத்தேர்வு ஒன்றில் மோசமாக அடிவாங்கியிருந்தேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. பேசினால் ஆங்கிலத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அப்படி இருந்தவனுக்கு, ஒரே தொப்பியில், நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் ஓர் அணி சொந்தமாகிவிட்டது.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கே ஆரம்பித்தோம். முதலில் மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் ஆடிய ஆட்டம். அதற்குப் பிறகு வருகிறேன். மதியம் இரண்டரைக்கு எங்கள் ஆட்டம். வீட்டுக்காரர் மிஞ்சிய வான்கோழிக் கறியோடு வந்து உட்கார்ந்தார். அண்ணன் அதை எடுத்து மிளகுத்தூள் போட்டு வறுத்தார். வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டார்.

அலபாமா அப்போது முதலிடம். 2011, 2012 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன், மூன்றாவதுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆபர்ன் முந்தின வருஷம் 12 ஆட்டத்தில் 9 தோற்ற அணி. அது எழுந்து வந்து நாலாம் இடத்தில் நின்றது. ஆட்டம் முடிய 32 வினாடி இருக்கும்போது ஆபர்ன் ஒரு டச்டவுன் அடித்து 28-28 என்று சமன் செய்தது. பிறகு அலபாமாக்காரர் ஒருவர் ஓடி எல்லைக்கோட்டுக்கு வெளியே போக, கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது. அலபாமாவின் கோச் நிக் சேபன் விடவில்லை, இன்னும் ஒரு வினாடி பாக்கி இருக்கிறது என்று வாதாடினார். நடுவர்கள் பதிவைப் பார்த்துவிட்டு ஒரு வினாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வினாடியில் 57 யார்டு தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பார்ப்பது என்று முடிவு.

பந்து எட்டவில்லை. கம்பத்துக்குக் கீழே, களத்தின் கடைசி விளிம்பில், ஆபர்னின் க்ரிஸ் டேவிஸ் அதைப் பிடித்தார். தவறிய உதை களத்துக்குள்ளேயே விழுந்தால் எதிரணி எடுத்துக்கொண்டு ஓடலாம், விதியில் இடம் உண்டு. அப்படி யாரும் ஓடி ஜெயிப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் உதைக்கும்போது அலபாமா களத்தில் வைத்திருந்தது பெரும்பாலும் உதைப்பவரைக் காக்கும் கனத்த உடம்புக்காரர்களை. விரட்டிப் பிடிக்கிற கால்கள் இல்லை. டேவிஸ் இடது ஓரமாக முழுக் களத்தையும் ஓடிக் கடந்தார். 34-28. கேட்டு வாங்கிய அந்த வினாடியில் அலபாமா தோற்றது.

வீட்டுக்காரர் எழுந்தார். எதுவும் சொல்லாமல் கதவைத் திறந்து வெளியே போய், புல்வெளியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் மூக்கை உறிஞ்சினார், மிளகு என்றார். நான் போனை எடுத்தேன்.

க்ரிஸ் டேவிஸ் ஓடியது பற்றி அல்ல நான் எழுதியது. அலபாமாவின் இன்னொரு உதைப்பாளர் பற்றி. கடைசி உதையை உதைத்தவர் அவர் இல்லை, அது ஒரு முதலாண்டுப் பையன். நான் சொல்பவர் கடைசி வருஷ மாணவர், அன்றைக்கு அதற்கு முன்பே மூன்று உதைகள் வீணாகியிருந்தன. அவர் பெயர் இணையத்தில் எங்கும் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் வேண்டாம். அவருடைய ட்விட்டர் பெயரைக் கோத்து ஒரு வரி எழுதினேன். மிரட்டல் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. ஒரு ஜோக். எங்க ஊர்ல ஆறு வயசுப் பையன் கல்லால மாங்கா அடிப்பான், அவனைக் கூட்டிட்டு வரவா என்கிற மாதிரி. 11 பேர் லைக் போட்டார்கள். அமெரிக்காவில் நான் ஆங்கிலத்தில் சொல்லி ஆட்கள் சிரித்த முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த மூன்று உதைகளைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். முதலாவது 44 யார்டு, தவறியது. இரண்டாவது பக்கத்திலிருந்து, உள்ளே போய்விட்டது. ஆனால் அவருடைய சொந்த அணிக்காரர் ஒருவர் பந்து அசையும் முன்பே அசைந்துவிட்டதால் செல்லாது என்று சொல்லி, தள்ளி வைத்து மறுபடி உதைக்கச் சொன்னார்கள். மறுபடி உதைத்தது தவறியது. மூன்றாவதை ஆபர்ன் ஆள் கையால் தடுத்தார். ஆக, ஒன்று அவர் பிழை என்று நிச்சயமாகச் சொல்லலாம். இன்னொன்று பாதி அவர் பிழை. மற்றொன்றில் முன்னால் நின்று காக்க வேண்டியவர்களுக்கும் பங்கு உண்டு. கோச் ஒருமுறை உதைக்க விடாமல் ஓடிப் பார்க்கச் சொன்னார், ஒரு யார்டு தேவைப்பட்டது, அதுவும் பலிக்கவில்லை. 60 நிமிஷ ஆட்டம், பல டஜன் ஆட்கள், நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நாங்கள் கண்டுபிடித்த குற்றவாளி ஒரே ஓர் ஆள்.

அன்று இரவு அவருக்கு வந்தவற்றில் என் வரி ரொம்ப நல்ல வரி. கொலை மிரட்டல்கள் வந்தன, பத்திரிகைகளில் வந்த செய்தி இது. அவர் ஒரு மாணவர். சம்பளம் கிடையாது. அந்த வருஷங்களில் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரில் ஒரு விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்கினாலே குற்றம். கோச்சுக்குச் சம்பளம் மில்லியன்களில், மாணவருக்குப் படிப்புச் செலவும் சாப்பாடும். முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ், மகன் புஷ், அவருக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். பையனின் சட்டை எண் 43. புஷ் 43ஆவது அதிபர். அதைச் சொல்லித்தான் ஆரம்பித்திருந்தார். புஷ்ஷைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வாரம் அவர் என்னைவிட நல்ல மனிதராக நடந்துகொண்டார், அதை மறுக்க வழியில்லை.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து கார் தூரத்தில் ஹூவர் என்ற புறநகர். அங்கே சேர்ந்து ஆட்டம் பார்த்த அலபாமா ரசிகர்களுக்குள் இரவு தகராறு. ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டார், இன்னொரு பெண் மீது கொலை வழக்குப் பதிவானது. தோல்விக்குப் போதுமான அளவு வருத்தப்படவில்லை என்பதுதான் சண்டைக்குக் காரணம் என்று இறந்தவரின் சகோதரி பத்திரிகைகளிடம் சொன்னார். சுட்டவரும் செத்தவரும் ஒரே அணி ரசிகர்கள். எதிரணிக்காரன் சந்தோஷப்படுவதைத் தாங்க முடியாமல் நடந்த கொலை என்றால் அதை ஏதோ ஒரு வகையில் விளங்கிக்கொள்ளலாம். இது, நம் ஆளே நம் அளவுக்கு அழவில்லை என்பதைத் தாங்க முடியாமல் நடந்தது. சாவு வீட்டில் யார் எவ்வளவு அழுதார்கள் என்று கணக்குப் பார்க்கும் ஆட்களை நாமும் பார்த்திருக்கிறோம்தான்.

எனக்கு இந்த விஷயம் முழுக்க ஒரு சொல்லில் வந்து முடிச்சு விழுகிறது. ‘நாம’.

1976இல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபுட்பால் ஆடும் ஏழு பெரிய பல்கலைக்கழகங்களில், திங்கள்கிழமை வகுப்பில் எத்தனை மாணவர்கள் தங்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டை அணிந்து வருகிறார்கள் என்று எண்ணினார்கள். சனிக்கிழமை ஜெயித்திருந்தால் கூட. தோற்றிருந்தால் குறைவு. அடுத்து தொலைபேசியில் கூப்பிட்டு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது ‘நாம்’ அதிகம் வந்தது. தோற்றதைச் சொல்லும்போது ‘அவர்கள்’. இதோடு விட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்த விஷயம்தான். கூப்பிட்டவர்களில் சிலரிடம் முதலில் சின்னதாக ஒரு பொது அறிவுத் தேர்வு வைத்து, நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆட்களிடம்தான் இந்த ஏற்ற இறக்கம் அதிகம் தெரிந்தது. அதாவது, அடிபட்டவன்தான் வெற்றியை ‘நாம்’ என்று இறுகப் பிடித்துக்கொள்கிறான், தோல்வியை ‘அவர்கள்’ என்று உதறிவிடுகிறான். இதைப் படித்தபோது என் இடைத்தேர்வு மதிப்பெண்ணும் சிவப்புத் தொப்பியும் ஞாபகம் வந்தன. நாற்பது வருஷத்துக்கு முன்பே என்னை எண்ணி வைத்திருந்தார்கள்.

ஆங்கிலத்தில் அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு சொல். நமக்கு இரண்டு. நாம், நாங்கள். கேட்பவனையும் சேர்த்துக்கொண்டால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, ஒரு தத்துவக் கேள்வியாக இது என் முன்னால் வந்து நின்றது அந்த டிசம்பரில்தான். ரசிகன் “ஜெயிச்சோம்” என்று சொல்லும்போது எந்தச் சொல் முன்னால் ஒளிந்திருக்கிறது? ஆபர்ன் ரசிகனைப் பார்த்துச் சொன்னால் ‘நாங்க’. அது சண்டைக்காரச் சொல், கோடு போட்டுக்கொள்ளும் சொல். வீட்டுக்காரரும் அண்ணனும் நானும் பேசிக்கொண்டால் ‘நாம’. சரி. களத்தில் நின்று ஆடிய பையன் நேரில் வந்தால்? அவனிடம் “ஜெயிச்சோம்” என்று சொல்ல எனக்கு ஒரே வழிதான் உண்டு. ‘நாம’. அவனை உள்ளே சேர்க்காமல் எனக்கு அந்த வெற்றியில் துளிப் பங்கும் கிடையாது. அவன் இல்லாத ‘நாங்க’ என்பது டிவி முன்னால் வான்கோழி தின்ற நாலு பேர். ஆக, வெற்றியின் ‘நாம’ அவனிடம் வாங்கிய கடன். நானாக எடுத்துக்கொண்டது, அவன் தரவில்லை. தோற்ற இரவு அந்த ‘நாம’ என்ன ஆனது? “அவன் தோத்துட்டான்.” ஒருமை. படர்க்கை.

இது நன்றிகெட்ட புத்தி என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோன்றியது ஒரு வாரம் கழித்து. புஷ் கடிதச் செய்தியைப் படித்தபிறகு அந்த வரியை அழித்தேன்.

இதற்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு. வெறும் விளையாட்டு, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு என்பது. எபிக்டீட்டஸ் அடிமையாக இருந்து தத்துவ ஆசிரியரானவர், அவர் இதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்கிறார்: போட்டிகள் பார்க்க அடிக்கடி போகாதே, போனால் எது நடக்கிறதோ அதுவே நடக்கட்டும் என்று விரும்பு, யார் ஜெயிக்கிறானோ அவனே ஜெயிக்கட்டும் என்று விரும்பு. மனசு கலங்காது. உண்மைதான், கலங்காது. ஆனால் ஜெயிப்பவன் ஜெயிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பவன் ஆட்டம் பார்ப்பதில்லை, கடிகாரம் பார்க்கிறான். நான் அந்தப் பதிலை ஏற்காததற்கு இன்னொரு காரணம் எங்கள் வீட்டுக்காரர். அவர் புல்வெளியில் நின்றது வெறும் ஓர் ஆட்டத்துக்காக இல்லை. அப்பாவுடன் உட்கார்ந்து பார்த்தது, ஆலை மூடியது, கூட வேலை பார்த்தவர்கள் செத்தது, எல்லாம் அந்தச் சிவப்பு நிறத்தில் ஊறிக் கிடந்தது. ‘வெறும் விளையாட்டு’ என்று அவரிடம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. விருப்பு இருக்கட்டும், கலக்கமும் இருக்கட்டும். கேள்வி, அந்தக் கலக்கத்தை யார் தலையில் இறக்கி வைக்கிறோம் என்பது.

அவருடைய ‘நாம்’ எவ்வளவு அகலம் என்பதையும் அவரிடமிருந்துதான் கேட்டேன். அவர் கறுப்பர். சின்னப் பையனாக இருந்தபோது அலபாமா அணியில் ஒரு கறுப்பரும் இல்லை. பல்கலைக்கழகத்திலேயே 1963இல்தான், ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் வந்து மறித்து நின்றதற்குப் பிறகு, சேர்க்கை நிலைத்தது. 1970 செப்டம்பரில் கலிஃபோர்னியாவிலிருந்து யுஎஸ்சி அணி, கறுப்பு ஆட்டக்காரர்களோடு, இதே பர்மிங்ஹாமுக்கு வந்து அலபாமாவை 42-21 என்று அடித்தது. அடுத்த வருஷம் அலபாமா அணியில் ஜான் மிட்செல் ஆடினார், அந்த அணிக்காகக் களமிறங்கிய முதல் கறுப்பர். “அதுவரைக்கும் என் அப்பா அலபாமா ஜெயிச்சா சந்தோஷப்படுவார். ஆனா ‘அவங்க ஜெயிச்சாங்க’ன்னுதான் சொல்வார்” என்றார் வீட்டுக்காரர். அந்த அப்பாவின் ‘அவங்க’ளும் என் ‘அவன்’னும் ஒரே இலக்கணம், ஆனால் எதிரெதிர். அவரை வெளியே நிறுத்தியிருந்தார்கள், அதனால் ‘நாம’ சொல்லவில்லை. நானோ, உள்ளே வர யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டு, பில் வந்ததும் எழுந்து போனவன்.

(அன்று ஓடிய க்ரிஸ் டேவிஸும் பர்மிங்ஹாம் பையன்தான், வுட்லான் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வீட்டுக்காரர் இரண்டாம் நாள் இதைச் சொன்னார், ரொம்பச் சலிப்போடு, ஆனால் கொஞ்சம் பெருமையும் கசிந்தது. “எங்க ஊர்ப் பையன்.”)

நான் இந்த ‘நாம’ கணக்கைச் சொன்னபோது வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதுதான் எனக்கு இதுவரை கிடைத்த மிகக் கனமான மறுப்பு. “நாம்-ங்கறதாலதான் திட்டறோம். பக்கத்து வீட்டுப் பையன் ஃபெயிலானா நான் ஏன் திட்டணும்? என் பையன் ஃபெயிலானா திட்டுவேன். திட்டலைன்னாதான் அவனை வெளியாள் ஆக்கிட்டேன்னு அர்த்தம்.” இது நமக்குப் புரியாத மொழி இல்லை. நம் வீடுகளில் பாதிப் பாசம் வசவாகத்தான் வெளிவருகிறது. திட்டுவதே உரிமை.

இதை வைத்துக்கொண்டு பல நாள் திணறினேன். வீட்டில் நடக்கும் திட்டில் ஒன்று இருக்கிறது: திட்டியவரும் திட்டு வாங்கியவனும் ராத்திரி ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். பையன் கதவைச் சாத்தலாம், எதிர்த்துப் பேசலாம், சாப்பிடாமல் படுக்கலாம், அம்மா வந்து எழுப்புவாள். திட்டுவதற்கு ஒரு விலை உண்டு, அதைத் திட்டியவரும் கட்டுகிறார். எனக்கு அந்த உதைப்பாளரிடம் என்ன விலை? அவருக்கு என் முகம் தெரியாது. அவர் என்னிடம் திரும்பப் பேச முடியாது. என் ஒரு வரி எனக்கு 11 லைக், அவருக்கு ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் அப்பாக்கள் திட்டும் வீடு என்று ஒன்று இல்லை. உறவின் உரிமையை எடுத்துக்கொண்டேன், உறவை எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரிடம் இவ்வளவு கோவையாக அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேசியிருப்பார்.

எந்தத் தரப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது கண்ணையே மாற்றிவிடும் என்பதும் பழைய செய்தி. 1951இல் டார்ட்மவுத்தும் பிரின்ஸ்டனும் மோதிய முரட்டு ஆட்டம் ஒன்றின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டினார்கள் ஹஸ்டார்ஃபும் கேன்ட்ரிலும். டார்ட்மவுத் செய்த விதிமீறல்கள் என்று டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்களின் கண்ணுக்குப் பட்டன. ஒரே படம், வேறு வேறு ஆட்டம். என் கண்ணும் அன்றைக்கு அப்படித்தான். அந்த உள்ளே போன உதை, செல்லாமல் போன உதை, அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. பிறகு பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நேரலையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நாகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1976இல் ‘அற அதிர்ஷ்டம்’ என்று ஒன்றைப் பேசினார்கள். நம் கையில் இல்லாதவற்றுக்கும் சேர்த்துத்தான் உலகம் நம்மை நல்லவன், கெட்டவன் என்று தீர்ப்பு சொல்கிறது என்பது விஷயம். உதைப்பாளர்கள் இதற்கென்றே பிறந்தவர்கள். ஆட்டம் முழுக்க ஓரமாக நிற்பார்கள். இரண்டு மூன்று முறை கூப்பிடுவார்கள். காற்று, பந்தைப் பிடித்து வைப்பவரின் விரல், முன்னால் நிற்பவர் அரை வினாடி அசைவது, எல்லாம் சரியாக இருந்தால் யாரும் பெயரைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்று பிசகினால் பெயர் ஊர் முழுக்க. ஆனால் என்னை உறுத்துவது அவருடைய அதிர்ஷ்டம் இல்லை, என்னுடையது. நானும் ஒரு வரி எழுதினேன், கொலை மிரட்டல் விட்டவனும் ஒரு வரி எழுதினான். அந்தப் பையன் அன்று இரவு ஏதாவது செய்துகொண்டிருந்தால்? என் ஜோக்குக்கு வேறு பெயர் வந்திருக்கும். அவர் திடமாக இருந்தார், அதனால் நான் ஜோக் அடித்தவன். இது என் நல்ல குணம் இல்லை.

காலையில் பார்த்த அந்த மிச்சிகன் ஆட்டத்துக்கு வருகிறேன். அங்கேயும் 32 வினாடி இருக்கும்போது டச்டவுன், மிச்சிகன் ஒரு புள்ளி பின்தங்கி 41-42. ஒரு புள்ளி உதைத்துச் சமன் செய்திருக்கலாம். கோச் பிரேடி ஹோக் இரண்டு புள்ளிக்குப் போனார், ஜெயிப்பது அல்லது தோற்பது. க்வாட்டர்பேக் டெவின் கார்ட்னர், அடிபட்ட காலோடு 451 யார்டு எறிந்து முடித்திருந்தவர், கடைசியாக எறிந்த பந்து எதிராளி கையில் போய் விழுந்தது. அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் எனக்குத் தொப்பி எதுவும் இல்லை. கார்ட்னர் நடந்து போவதைப் பார்த்து, “பாவம்ணே, என்னமா ஆடினான்” என்று அண்ணனிடம் சொன்னேன். மனசாரச் சொன்னேன். நாலு மணிநேரம் கழித்து அதே வாய். ஆக எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. அந்நியனிடம் தாராளமாக இருந்தது. என்னுடையவன் என்று நான் உரிமை கொண்டாடிய ஆளிடம்தான் வற்றிப்போனது. அன்பு வைத்தால் இரக்கம் கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று காலைக்கும் மாலைக்கும் நடுவே எனக்குத் தெரிந்தது வேறு.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகக் காசு கொடுக்கலாம். நல்லதுதான், எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு புது வாதமும் வந்திருக்கிறது: காசு வாங்கறான்ல, திட்டு வாங்கட்டும். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்களில் பந்தயம் கட்டுவதும் சட்டப்படி வந்துவிட்டது. தன் பணம் போன ஆத்திரத்தில் பையன்களுக்கு நேரடியாக எழுதுகிறார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இவர்கள் ‘நாம’ என்று சொல்வதில்லை. என் பணம், உன் தப்பு. அதில் ஒரு நேர்மைகூட இருக்கிறது, அழகில்லாத நேர்மை. சம்பளம் ஆட்டத்துக்குக் கொடுப்பது. வசவு வாங்குவதற்கு என்று அதில் தனிப் பத்தி எதுவும் இல்லை என்பதை அவர்களிடம் சொல்லலாம். ஆனால் எனக்குச் சொல்லவேண்டி இருந்தது அவர்களிடம் இல்லை. 2013இல் அந்தப் பையனுக்குக் காசும் இல்லை, எனக்குப் பந்தயமும் இல்லை. வெறும் அன்பினால் செய்தது.

வீட்டுக்காரர் அடுத்த வருஷம் மகள் இருக்கும் ஜார்ஜியாவுக்குப் போய்விட்டார். அண்ணன் இப்போது ஹூஸ்டனில். அந்த உதைப்பாளர் முப்பதுகளில் இருப்பார். அவருக்கு ஒரு மன்னிப்பு எழுத வேண்டும் என்று மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாலு வரிக்குமேல், என்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பதைக் கவனித்து அழித்தேன். அண்ணனிடம் போனில் கேட்டேன். “அவன் மறந்துருந்தா ஞாபகப்படுத்துத. மறக்கலைன்னா நீ ஆயிரத்துல ஒருத்தன். லாபம் உனக்குத்தாம்ல” என்றார். அனுப்பவில்லை.

சனிக்கிழமைகளில் இன்னும் பார்க்கிறேன். தொப்பி வீட்டில் எங்கேயோ இருக்கிறது. உதைக்க ஆள் வரும்போது மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.